கச்சேரியும் துவக்கும் – 9: எண்ணிச் சொன்னவருக்கு வந்த கடிதம்

சென்ற பகுதி 1990 ஜூன் 11ஆம் திகதியோடு நின்றது. கிழக்கு மாகாணத்துப் பொலிஸ் நிலையங்களைப் புலிகள் சுற்றி வளைத்திருந்தார்கள். பேச்சுவார்த்தையை எப்படியாவது காப்பாற்றிவிடலாம் என்ற நப்பாசை கொழும்பில் பிரேமதாசவின் அரசுக்கு இன்னும் விட்டுப்போகவில்லை. சண்டை பிடிக்காமல் சரணடையுங்கள் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு போனது. துவக்கைக் கீழே வைத்தவர்களில் 600க்கு மேற்பட்டோர், பெரும்பாலும் சிங்களவரும் முஸ்லிம்களும், கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். கொன்ற பழி புலிகளுடையது. அதில் வாதாட ஒன்றுமில்லை. ஆனால் சரணடையச் சொன்ன உத்தரவுக்காகக் கொழும்பில் எந்த அமைச்சரும் பதவி இழக்கவில்லை. தன் ஊழியரை ஆபத்தில் நிறுத்திய அரசு அதற்குப் பதில் சொல்ல வேண்டியதில்லை என்ற வழக்கம் இந்தப் போரில் அன்றைக்கே தொடங்கிவிட்டது என்பது என் கட்சி.

பொலிஸ்காரரின் கையிலாவது உத்தரவு வரும்வரை ஒரு துவக்கு இருந்தது. இந்தப் பகுதி துவக்கே இல்லாதவர்களைப் பற்றியது. கிராம அலுவலர், ஆசிரியர், தாதி, அப்போதிக்கரி, வைத்தியர், ஏ.ஜி.ஏ. என்று ஊர் அழைக்கும் உதவி அரசாங்க அதிபர்: இவர்கள் எல்லோரும் அரசின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு, அரசு கால்வைக்க முடியாத நிலத்தில் வேலை செய்தவர்கள்.

உலகில் வேறு உள்நாட்டுப் போர்களைப் பார்த்தவர்களுக்கு இது விநோதமாகத் தெரியும். நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்டுகள் போரிட்டபோது கிராமச் செயலாளர்கள் ஊர்களைக் காலிசெய்து மாவட்டத் தலைநகரங்களுக்கு ஓடினார்கள். அரசும் அவர்களோடு சேர்ந்து பின்வாங்கியது. இலங்கையில் நடந்தது நேரெதிர். 1990இல் யாழ்ப்பாணக் குடாநாடு புலிகளின் கைக்குப் போன பிறகும் கச்சேரி திறந்திருந்தது. அரசாங்க அதிபர் கதிரையில் இருந்தார். பாடசாலை மணி அடித்தது. க.பொ.த. சாதாரண தரம், உயர்தரம் இரண்டுக்கும் கொழும்புப் பரீட்சைத் திணைக்களத்தின் வினாத்தாள்கள் வந்தன. பெறுபேறுகள் அங்கிருந்தே வெளியாகின. ஓய்வூதியக்காரர் ஓய்வூதியம் பெற்றார். ஆசிரியரின் சம்பளமும் வந்தது, தாமதமானாலும் வந்தது.

அதே அரசுதான் அதே ஆசிரியரின் வீட்டுக்கு மின்சாரம் வராமல் பார்த்துக்கொண்டது. பற்றரி, எரிபொருள், சீமெந்து, யூரியா என்று தடைப்பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலில் திரிபோட்டு எரித்த விளக்கில் பிள்ளைகள் படித்தார்கள். அறுவைச் சிகிச்சைக்கு வேண்டிய பொருள்கள் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்காகக் காத்திருந்தன. வலக்கை சம்பளம் அனுப்பியது, இடக்கை மருந்தை மறித்தது.

ஏன் சம்பளம் அனுப்பினார்கள்? கருணை என்று சிலரும், தமிழ் அதிகாரிகளின் விடாப்பிடி என்று சிலரும் சொல்வார்கள். இரண்டிலும் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் அடிப்படைக் கணக்கு இறைமை. கிளிநொச்சியில் ஒரு கச்சேரி இயங்கும்வரை, முல்லைத்தீவில் ஒரு வைத்தியசாலை சுகாதார அமைச்சின் பெயர்ப்பலகையோடு நிற்கும்வரை, அந்த நிலம் தன்னுடையது என்று அரசால் உலகத்துக்குச் சொல்ல முடிந்தது. அதைப் பெருமையாகவே சொன்னார்கள்: புலிகளின் கட்டுப்பாட்டில் இருக்கும் மக்களுக்கும் நாங்கள்தான் உணவும் கல்வியும் மருந்தும் கொடுக்கிறோம் என்று ஒவ்வொரு சர்வதேச மேடையிலும் கேட்டது. புலிகளுக்கும் இந்த ஏற்பாட்டில் நட்டமில்லை. செலவு கொழும்பினுடையது, அதிகாரம் தங்களுடையது; அரச ஊழியரின் சம்பளத்திலும் ஒரு பங்கு அவர்களுக்கு வந்து சேர்ந்தது. நட்டமெல்லாம் நடுவில் இருந்தவருக்குத்தான்.

நடுவில் இருப்பதன் விலை 1990க்கு முன்பே தெரிந்துவிட்டது. 1987 தீபாவளி நாளில், ஒக்டோபர் 21ஆம் திகதி, யாழ்ப்பாணப் பெரியாஸ்பத்திரிக்குள் இந்திய அமைதிப்படை புகுந்து சுட்டது. மறுநாள் வரை நீடித்த அந்தக் கொலையில் மடிந்த ஊழியர் மட்டும் 21 பேர். குழந்தை வைத்திய நிபுணர் சிவபாதசுந்தரம் தாதியரோடு கைகளை உயர்த்திக்கொண்டு வந்தபோது சுடப்பட்டார். 1989இல் யாழ்ப்பாண அரசாங்க அதிபர் பஞ்சலிங்கம் கொல்லப்பட்டார். மட்டக்களப்பு அரசாங்க அதிபர் அந்தோனிமுத்து 1987இலேயே கொல்லப்பட்டிருந்தார். தெற்கில் அப்போது ஜே.வி.பி.யின் காலம். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத் தலைவர் வைத்தியர் கிளாடிஸ் ஜயவர்தன, கொழும்புப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஸ்டான்லி விஜேசுந்தர, மொரட்டுவைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பட்டுவத்தவிதான மூவரும் 1989 என்ற ஒரே ஆண்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். தமிழர் பகுதியில் மட்டும் நடந்த கதையாக இதைச் சொல்லிவிடுவது வசதி. சரித்திரம் அந்த வசதியைத் தரவில்லை.

இவற்றுக்கெல்லாம் அரசு என்ன செய்தது? பணம் கொடுக்க ஒரு சுற்றுநிருபம் வெளியிட்டது. பயங்கரவாத நடவடிக்கையால் இறக்கும், ஊனமுறும் அரச ஊழியருக்கு நட்டஈடு வழங்கும் ஏற்பாடுகள் 1980களின் இறுதியில் பொது நிர்வாக அமைச்சால் கொண்டுவரப்பட்டன. பல விதவைகளுக்கு அது உதவியது. அதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. ஆனால் இறந்த பின் எவ்வளவு கொடுப்பது என்று எழுதத் தெரிந்த அரசு, இறக்காமல் இருக்க யார் என்ன செய்ய வேண்டும் என்று எழுதவில்லை. இன்ன இடத்தில் ஊழியரை நிறுத்தலாமா, எப்போது மீட்க வேண்டும், அந்தத் தீர்மானத்தில் கையெழுத்திட வேண்டியவர் யார் என்ற கேள்விகளுக்கு, தடித்தடியான பாகங்களாக இருக்கும் தாபன விதிக்கோவையில் விடை தேடினால் கிடைக்காது. அனுமதியில்லாமல் பத்திரிகைக்குத் தகவல் கொடுக்கக் கூடாது என்ற விதி மட்டும் அதில் தெளிவாக இருக்கிறது. அந்த விதி பின்னால் வரப்போகிறது.

கேள்வி கேட்கவும் ஆள் இல்லை. 13ஆவது திருத்தத்தின்படி சுகாதாரமும் கல்வியும் மாகாணத்தின் பொறுப்பு. வடக்குக் கிழக்கு மாகாண சபை 1990இல் கலைக்கப்பட்டது. இணைந்த மாகாணத்தை 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் பிரித்தது. கிழக்குக்கு 2008 மேயில் தேர்தல் வந்தது. வடக்கில் மக்கள் ஒரு மாகாண சபையைத் தேர்ந்தெடுத்தது 2013 செப்டெம்பர் 21 அன்றுதான். இடையில் ஓடிய இருபத்துமூன்று ஆண்டுகளும் வடக்கின் வைத்தியசாலைகளையும் பாடசாலைகளையும் ஜனாதிபதி நியமித்த ஆளுநரே நிருவகித்தார். மருந்து வரவில்லை என்றால் மாகாணப் பணிப்பாளர் மத்திய அமைச்சைக் காட்டுவார். மத்திய அமைச்சு பாதுகாப்பு அமைச்சின் அனுமதியைக் காட்டும். பாதுகாப்பு அமைச்சிடம் கேட்கக்கூடிய தைரியசாலி எவரும் அந்த வரிசையில் இல்லை. மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு சுகாதார அமைச்சர் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ இருந்து, சபையில் எழுந்து பதில் சொல்ல வேண்டிய நிலை இருந்திருந்தால் போர் நின்றிருக்காதுதான். பதில் சொல்ல வேண்டிய முகம் ஒன்று தெரிந்திருக்கும்.

வெற்றிடங்களின் கதை தனி நூலுக்கு உரியது, இங்கே சுருக்கமாக. வன்னிக்கு மாற்றல் என்றால் கொழும்பிலும் கண்டியிலும் இருக்கும் வைத்தியர் வரமாட்டார். 1978இல் தொடங்கிய யாழ்ப்பாண மருத்துவ பீடத்திலிருந்து வெளியானவர்களில் பலர் கடல் கடந்து போனார்கள். 1996இல் கிளிநொச்சி படையினரிடம் போனதும் மாவட்ட வைத்தியசாலை அக்கராயனுக்கு நகர்ந்தது. ஊர்ப்புற வைத்தியசாலைகளை உதவி வைத்திய அதிகாரிகள் தனியாளாக நடத்தினார்கள். வகுப்பறைகளைத் தாங்கியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள்: உயர்தரம் படித்து முடித்த இளம்பெண்கள், நியமனக் கடிதம் இல்லாமல், கைச்செலவுக்கும் போதாத கொடுப்பனவுக்கு, சிலர் அதுவும் இல்லாமல், ஆண்டுக்கணக்கில் கற்பித்தார்கள். போர் முடிந்த பிறகு நிரந்தர நியமனம் கேட்டு இதே பெண்கள் ஆளுநர் அலுவலக வாசலில் குந்தியிருந்ததைப் பத்திரிகைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். பாடசாலையை மூடவில்லை என்ற பெருமை அரசுக்குப் போனது. மூடாமல் வைத்திருந்தவர் அரச ஊழியர்தான் என்று ஒப்புக்கொள்ள அதே அரசு தயங்கியது.

சமாதான காலம் என்று நாங்கள் நம்பிய 2002க்குப் பிறகும் நிலைமை மாறவில்லை. 2005 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி அதிபர் இராஜதுரை சுட்டுக் கொல்லப்பட்டார். 2006 ஓகஸ்டில் அரசின் சமாதானச் செயலகத்தின் பிரதிச் செயலாளர் நாயகம் கேதீஷ் லோகநாதன் தன் வீட்டுக்கு வெளியே கொல்லப்பட்டார். அந்த ஆண்டின் முடிவில் நடந்த ஒன்றைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கிழக்குப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் ரவீந்திரநாத் பதவி விலக வேண்டும் என்று ஆயுததாரிகள் நெருக்கினார்கள். அதற்காகக் கலைப்பீடாதிபதியைக் கடத்தினார்கள். துணைவேந்தர் விலகல் கடிதம் கொடுத்தார். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கவில்லை. கொழும்பிலிருந்து பணிபுரியலாம் என்றது. அவரும் கொழும்புக்கு வந்தார். 2006 டிசெம்பர் 15 அன்று, கொழும்பின் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள், ஒரு விஞ்ஞானக் கூட்டத்துக்குப் போனவர் திரும்பவில்லை. விலக வேண்டாம், பாதுகாப்பான இடத்துக்கு வா என்று அழைத்தவர்கள் அந்தப் பாதுகாப்புக்கும் பொறுப்பேற்க வேண்டுமா இல்லையா? ஆணைக்குழுவும் சொல்லவில்லை, அமைச்சும் சொல்லவில்லை.

இனி வன்னிக்கு வருவோம்.

2008 செப்டெம்பரில் ஐக்கிய நாடுகளின் ஊழியர்களையும் சர்வதேசத் தொண்டு நிறுவனங்களையும் வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது அரசு. உங்கள் பாதுகாப்புக்கு எங்களால் உத்தரவாதம் தர முடியாது என்பது சொல்லப்பட்ட காரணம். கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் மக்கள் கூடி நின்று போகாதீர்கள் என்று மன்றாடினார்கள். அந்த மாதத்தின் நடுவில் வாகனங்கள் புறப்பட்டுவிட்டன. வெளிநாட்டவருக்கு உத்தரவாதம் தர முடியாத அதே நிலத்தில் அரசின் சொந்த ஊழியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு உத்தரவாதமும் தரப்படவில்லை, வெளியேறும் உத்தரவும் தரப்படவில்லை. விரும்பினாலும் எளிதில் போக முடியாது. புலிகளின் பாஸ் நடைமுறை குடும்பத்தில் ஒருவரைப் பணயமாக வைத்துத்தான் மற்றவரை வெளியே விட்டது. கடைசி மாதங்களில் தப்பியோடியவர்களைப் புலிகள் சுட்டார்கள், பிள்ளைகளைப் பிடித்துக் களத்துக்கு அனுப்பினார்கள். இதையும் சேர்த்தே இந்த வரலாறு எழுதப்பட வேண்டும்.

2009 ஜனவரி 2ஆம் திகதி கிளிநொச்சி வீழ்ந்தது. 25ஆம் திகதி முல்லைத்தீவு. நடுவில் ஜனவரி 20ஐ ஒட்டி அரசு முதலாவது பாதுகாப்பு வலயத்தை அறிவித்தது. உணவு ஏற்றிக்கொண்டு உள்ளே போன பதினோராவது ஐ.நா. வாகனத் தொடர் வெளியே வரமுடியாமல் சிக்கியது. சுதந்திரபுரத்தில், அறிவிக்கப்பட்ட வலயத்துக்குள்ளேயே, ஐ.நா. ஊழியரும் அரச அதிகாரிகளும் சேர்ந்து உணவு விநியோக நிலையம் அமைத்தார்கள். இடத்தின் ஆள்கூறுகள் படையினருக்கு அறிவிக்கப்பட்டிருந்தன. ஜனவரி 24 விடியுமுன் எறிகணைகள் அங்கே விழுந்தன.

அந்த நிலையத்தில் இருந்த அதிகாரிகளில் ஒருவர் முல்லைத்தீவு ஏ.ஜி.ஏ. பார்த்திபன். பொறுப்பான கச்சேரி அதிகாரி எவரும் செய்வதையே அவரும் செய்தார்: ஆட்களை எண்ணினார். எத்தனை குடும்பம், எத்தனை தலை என்று தெரியாமல் அரிசி கேட்க முடியாது. கிராம அலுவலர் குடும்பப் பதிவேட்டை இடம்பெயரும்போதும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவது அதற்காகத்தான். பார்த்திபனின் நிலவர அறிக்கை வலயத்துக்குள் ஏறத்தாழ 81,000 குடும்பங்கள், 3,30,000 பேர் இருப்பதாகக் கொழும்புக்குச் சொன்னது. கொழும்பில் அமைச்சர்கள் 2009 பெப்ரவரியில் சொல்லிக்கொண்டிருந்த எண்ணிக்கை 70,000.

இரண்டு எண்களுக்கும் நடுவே கிடப்பது உணவு. எழுபதாயிரம் பேருக்கு என்று கணக்கிட்டு அனுப்பும் மாவும் பருப்பும் மூன்று லட்சம் பேருக்கு எத்தனை நாள் வரும்? மருந்தும் அப்படியே. எண்ணைக் குறைத்தால் தேவை குறையும். தேவை குறைந்தால் அனுப்பாததும் குற்றமாகாது. செத்தவர் தொகையும் பின்னால் தானாகவே சுருங்கும்.

கொழும்பிலிருந்து பார்த்திபனுக்குப் பதில் போனது. 2011இல் வெளியான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு அறிக்கை அதைப் பதிவு செய்திருக்கிறது. தருஸ்மான், ரட்னர், சூக்கா மூவரும் கையெழுத்திட்ட அறிக்கை அது. இடம்பெயர்ந்தோர் எண்ணிக்கை பற்றித் தவறான தகவல் கொடுத்தால் ஒழுக்காற்று நடவடிக்கை எடுக்க நேரிடும் என்பது அந்தப் பதிலின் சாரம். மயக்க மருந்தும் இரத்தப் பைகளும் போய்ச்சேர வழியில்லாத இடத்துக்கு எச்சரிக்கைக் கடிதம் மட்டும் போய்ச்சேர்ந்தது.

மேயில் போர் முடிந்த பிறகு செட்டிக்குளத்து மெனிக் பாம் முகாம்களிலும் சுற்றிலுமாக அடைக்கப்பட்டவர்கள் 2,80,000க்கு மேல். ஏ.ஜி.ஏ. தந்த எண்ணுக்கும் இதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் தப்பிப் போனவர்களும், தடுத்து வைக்கப்பட்டவர்களும், இறந்தவர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்த்தாலும் அமைச்சர்களின் எழுபதாயிரம் அந்தக் கணக்கில் எங்கும் பொருந்தாது. ஏப்ரல் 20 அன்று புதுமாத்தளன் மண் அணை உடைந்தபோதே ஒரு லட்சத்துக்கு மேற்பட்டோர் வெளியே வந்துவிட்டார்கள். அதற்குப் பிறகும், மிஞ்சியிருப்பவர் ஐயாயிரம், போனால் பத்தாயிரம் என்று ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச அந்த மாத இறுதியில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்குச் சொன்னார். உள்ளே அப்போதும் லட்சம் பேர் இருந்தார்கள்.

வைத்தியசாலைகளுக்கு வருகிறேன். புதுக்குடியிருப்பு வைத்தியசாலை சுகாதார அமைச்சின் நிறுவனம். ஜனவரி கடைசியில் அங்கே 500க்கு மேற்பட்ட நோயாளர் இருந்தார்கள். ஜனவரி 29 முதல் பெப்ரவரி 4 வரை அதன்மேல் திரும்பத் திரும்ப எறிகணைகள் விழுந்தன. செஞ்சிலுவைச் சர்வதேசக் குழு அங்கிருந்தபடியே அதை உலகத்துக்குச் சொன்னது. அந்த நாட்களில் பாதுகாப்புச் செயலாளர் கோத்தபாய ராஜபக்ச பிரித்தானியத் தொலைக்காட்சி ஒன்றிடம், பாதுகாப்பு வலயத்துக்கு வெளியே எந்த வைத்தியசாலையும் இயங்கக் கூடாது என்ற பொருளில் பேசினார். ஒரே அரசின் இரண்டு அமைச்சுகள். ஒன்றின் சம்பளப் பட்டியலில் அந்த வைத்தியசாலையின் தாதியும் சாரதியும் இருந்தார்கள். மற்றதின் வாயில் அந்த வைத்தியசாலை இருக்கவே கூடாத ஒன்று. இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டனவா என்று அன்றைய பாராளுமன்றம் துருவியிருக்க வேண்டும்.

புதுக்குடியிருப்பைக் கைவிட்ட ஊழியர் புதுமாத்தளனில் ஒரு பாடசாலைக் கட்டடத்தில் மீண்டும் வைத்தியசாலையைத் திறந்தார்கள். கிளிநொச்சிப் பிராந்திய சுகாதாரப் பணிப்பாளர் சத்தியமூர்த்தி, முல்லைத்தீவுப் பிராந்தியப் பணிப்பாளர் வரதராஜா, வைத்தியர் சண்முகராஜா ஆகியோரும் இன்னும் சிலரும்: மூன்று லட்சம் பேருக்கு விரல்விட்டு எண்ணக்கூடிய அரச வைத்தியர்கள். வரதராஜா 2006இல் வாகரையில் முற்றுகைக்குள் வைத்தியசாலையை நடத்தியவர், அங்கிருந்து வந்தவர். புலிகளின் மருத்துவப் பிரிவில் பயின்றவர்களும் தொண்டர்களும் அவர்களுக்குத் தோள் கொடுத்தார்கள். பெப்ரவரி 10 முதல் செஞ்சிலுவைக் குழுவின் கப்பல் காயக்காரர்களைத் திருகோணமலைக்கு ஏற்றியது. மே 9 வரையில் நோயாளரும் உடன்சென்றோருமாக 13,000க்கு மேற்பட்டவர்கள் அப்படிக் கரை சேர்ந்தார்கள். காயக்காரர்களில் யாரை முதலில் அனுப்புவது என்று கரையில் நின்று தீர்மானித்தவர்கள் இந்த அரச வைத்தியர்கள்தான்.

மார்ச் மாதத்தில் இரு பணிப்பாளர்களும் சுகாதார அமைச்சுக்குக் கடிதம் எழுதினார்கள். அத்தியாவசிய மருந்தும் அடிப்படை வசதியும் தந்திருந்தால் வைத்தியசாலையில் நேர்ந்த மரணங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்த்திருக்கலாம் என்று எழுதினார்கள். கலகக் குரலில் ஒரு சொல்லும் இல்லை; மேலதிகாரிக்குக் கீழதிகாரி எழுதும் வழக்கமான கடிதம். வெளியுலகம் வன்னிக்குள் நடப்பதை அறிய இந்த வைத்தியர்களின் தொலைபேசிக் குரலை விட்டால் வேறு வழி இருக்கவில்லை, ஏனென்றால் பத்திரிகையாளர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. ஆகவே வைத்தியர் சொன்ன ஒவ்வொரு எண்ணும் அரசுக்கு எதிரான சாட்சியமாகிவிட்டது. அனுமதியில்லாமல் பத்திரிகைக்குப் பேசக் கூடாது என்ற அந்தப் பழைய விதி இங்கேதான் உயிர்பெற்று எழுந்தது.

மே நடுவில், படையினரின் பக்கம் வந்து சேர்ந்த வைத்தியர்கள் கைதானார்கள். ஜூலை 8 அன்று கொழும்பில் பத்திரிகையாளர் முன் கொண்டுவரப்பட்டார்கள். புலிகளின் நெருக்குதலால் எண்களைக் கூட்டிச் சொன்னோம், ஜனவரிக்கும் மே நடுவுக்கும் இடையில் இறந்தவர் 650 முதல் 750 வரையே என்றார்கள். ஓகஸ்டில் பிணையில் வெளியே வந்தார்கள். நாட்டை விட்டு வெளியேறிய பின் வரதராஜா, அன்று சொன்னவை நிர்ப்பந்தத்தின் பேரில் சொன்னவை என்று வெளிப்படையாகவே பேசினார். புலிகளின் நெருக்குதல் வன்னியில் இருந்தது மெய். ஆனால் தடுப்புக் காவலில் இருப்பவரைக் கமராவுக்கு முன் உட்கார வைத்து வாங்கும் எண்ணை எந்த வரலாற்றாசிரியரும் கணக்கில் எடுக்க முடியாது. நிபுணர் குழு, 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது என்றது. அந்த எண்ணையும் இறுதியானதாக நான் கொள்ளவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள பள்ளத்தை நிரப்பக்கூடிய பதிவேடுகள் யார் கையில் இருந்தன, அவை என்னவாயின என்பதே என் அக்கறை.

அரசு தானே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்களுக்கும் நல்லிணக்கத்துக்குமான ஆணைக்குழு 2011 டிசெம்பரில் அறிக்கையை வெளியிட்டது. வைத்தியசாலைகளில் எறிகணைகள் விழுந்தன, ஆட்கள் இறந்தார்கள் என்பதை அது ஒப்புக்கொண்டது. எறிந்தது யார் என்று கிடைத்த சாட்சியத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியவில்லை என்று முடித்தது. சரி, எறிந்தவர் யாரென்று தெரியாமலே இருக்கட்டும். ஊழியரை அங்கே நிறுத்தி வைத்தவர் யார் என்பதில் சந்தேகமே இல்லையே? எத்தனை வைத்தியர், எத்தனை தாதியர், எத்தனை கிராம அலுவலர் அந்த ஐந்து மாதங்களில் பணியில் இருந்தபோது இறந்தார்கள் என்று அமைச்சுவாரியாக ஒரு பட்டியல் வெளியிட ஏவுகணை நிபுணர் தேவையில்லை. சம்பளப் பட்டியலில் ஜனவரியில் இருந்த பெயரும் ஜூனில் இல்லாத பெயரும் போதும்.

பட்டியல் வெளியாகவில்லை. அதற்குப் பதிலாக 2010இல் காணாமற்போனோரின் மரணத்தைப் பதிவதற்கான தற்காலிகச் சட்டம் வந்தது. பயங்கரவாத அல்லது நாசகார நடவடிக்கையால், அல்லது உள்நாட்டுக் குழப்பத்தால் காணாமற்போனவர் என்று காட்டினால் மரணச் சான்றிதழ் கிடைக்கும். அரச எறிகணையில் இறந்த அரச தாதியின் தாயும் இந்த வாசகத்துக்குள் தன் மகளை எப்படியோ அடக்கித்தான் சான்றிதழ் பெற வேண்டும், அது கையில் இருந்தால்தான் நட்டஈட்டுப் பேச்சு. எத்தனை பேர் அதை வாங்க மறுத்தார்கள் என்பதை அடுத்த பகுதியில் பார்ப்போம்.

போர் முடிந்த பின்னும் இந்த மனிதர்களில் சிலர் அரச சேவையிலேயே நின்றார்கள் என்பது இந்த நாட்டின் விசித்திரங்களில் ஒன்று. சத்தியமூர்த்தி பின்னாளில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் பணிப்பாளரானார். போர்க்காலத்தில் கிளிநொச்சி அரசாங்க அதிபராக இருந்த நாகலிங்கம் வேதநாயகன், பிறகு யாழ்ப்பாணத்துக்கும் அரசாங்க அதிபராகி, 2024 செப்டெம்பரில் வடமாகாண ஆளுநராக நியமிக்கப்பட்டார். வன்னிக் கச்சேரிகள் அனுப்பிய அறிக்கைகள் எந்த மேசையிலிருந்து எந்த மேசைக்குப் போயின என்று அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் இன்றைய நிருவாகத்தில் அதிகம் பேர் இருக்க முடியாது.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. 2008 செப்டெம்பருக்கும் 2009 மேக்கும் இடையில் கிளிநொச்சி, முல்லைத்தீவுக் கச்சேரிகளும் பிராந்திய சுகாதார அலுவலகங்களும் கொழும்புக்கு அனுப்பிய நிலவர அறிக்கைகள், அவற்றுக்கு வந்த பதில்கள், பணியில் இறந்த ஊழியரின் பெயர்கள்: இந்த மூன்றையும் கேட்டு எழுத்தில் விண்ணப்பிக்க இலங்கைப் பிரசை எவராலும் முடியும். அந்த மாதங்களில் அங்கே தொண்டராகவோ தாதியாகவோ கிராம அலுவலராகவோ இருந்து, கையில் ஒரு பதிவேட்டுப் பிரதியோ கடிதமோ வைத்திருப்பவர்கள் அதைப் பிரதி எடுத்து இரண்டு வேறு இடங்களில் வையுங்கள். விண்ணப்பத்தை இந்த ஆண்டே போடுங்கள்.